கவுனி எங்கே போச்சு?

வால்டாக்ஸ் சாலையில் போகும் பேருந்தில் நடத்துநர் "யானக்கவுனி வந்துருச்சு, எறங்கு எறங்கு" என்று குரல் கொடுப்பார். மூட்டை முடிச்சோடு நாலைந்து பேர் இறங்குவார்கள். ஒரு பக்கம் சென்ட்ரலுக்குப் போகும் தண்டவாளங்கள், மறுபக்கம் சவுகார்பேட்டையின் மொத்த வியாபாரத் தெருக்கள், நடுவே பார்சல் கட்டுகளும் மீன்பாடி வண்டிகளும். இறங்கியவர்கள் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். யானை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. யானை போகட்டும், கவுனி எங்கே என்றுகூடக் கேட்பதில்லை.

கவுனி என்றால் கோட்டை வாசல், நகர வாசல். தெலுங்கின் 'கவினி' நம் நாக்கில் கவுனி ஆகிவிட்டது. வாசல் என்று ஒன்று இருந்தால் மதிலும் இருந்திருக்க வேண்டுமே? இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். 1758 கடைசியில் தளபதி லாலியின் தலைமையில் மறுபடி வந்து கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து நின்றது. மூன்று முறை சூடுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைக்கு வடக்கே முத்தியால்பேட்டையையும் பெத்துநாயக்கன்பேட்டையையும் வளைத்து மதில் எழுப்பியது. கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. மேற்குப் பக்க மதிலில் வைத்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. கட்டிய செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்ட நினைத்த வரிதான் 'வால் டாக்ஸ்', அதாவது மதில் வரி. அந்த வரி வசூலாகவில்லை என்கிறார்கள் நகர வரலாற்றாசிரியர்கள். பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஊர் பெருகப் பெருக மதில் இடைஞ்சலாகி, துண்டு துண்டாக இடிபட்டது. வாசலும் அதோடு போயிற்று.

ஆக, யானைக்கவுனியில் இடம் இருக்கிறது, பொருள் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் கதை தலைகீழ். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் பத்திரமாக இருக்கும், அது கிடந்த இடம் எங்கோ இருக்கும். தொல்லியல் என்றால் புதையல் எடுப்பது என்று பலர் நினைக்கிறோம். பிரிந்துபோன இந்த இரண்டையும், பொருளையும் இடத்தையும், மறுபடி சேர்த்துவைக்கிற வேலை அது.

பையும் சீட்டும்

அகழாய்வு நடக்கும் இடத்தைப் பார்க்கப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பாசிமணி கிடைத்தாலும் சரி, ஒன்றுக்கும் உதவாத பானை ஓடு கிடைத்தாலும் சரி, பையில் போட்ட கையோடு ஒரு சீட்டு எழுதி அதோடு சேர்ப்பார்கள். ஊர், குழி எண், எந்த மண்ணடுக்கு, மேலிருந்து எத்தனை செ.மீ. ஆழம், தேதி. அவ்வளவுதான் அந்தச் சீட்டில் இருக்கும். ஆனால் அது தொலைந்தால் பைக்குள் இருப்பதற்கு வாய் அடைத்துவிடும். பெயர் ஒட்டாத ரத்தக் குப்பியை லேபில் கொடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள், யாருடைய சர்க்கரை என்று சொல்ல முடியாது. அதே கதைதான்.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையெங்கும் பழைய கல்லறைக் கற்கள் பதித்திருக்கும். கற்களில் பெயர்கள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன. கீழே அந்தப் பெயர்க்காரர்கள் இல்லை. அவர்கள் புதைக்கப்பட்ட இடம் கோட்டைக்கு வெளியே, இப்போது உயர் நீதிமன்றத்தை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பகுதி. லாலியின் முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளின் மறைவில் பதுங்கிக்கொண்டு கோட்டையைத் தாக்கினார்கள். சண்டை ஓய்ந்த பிறகு, எதிரிக்கு இனி மறைவு கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்துத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடிபடாமல் தப்பியவை மிகச் சில. யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைத் தந்த ஆளுநர் எலிஹு யேல், சிறுவயதில் இறந்த தன் மகன் டேவிட்டைப் புதைத்த கல்லறை அப்படித் தப்பியது.

பெயர்த்த கல்லில் எழுத்து அழியவில்லை, சரி. யார் பக்கத்தில் யாரைப் புதைத்தார்கள், எத்தனை ஆழத்தில், பெட்டியோடா பெட்டி இல்லாமலா, குழந்தைகளுக்கென்று தனி மூலை இருந்ததா? இதற்கெல்லாம் பதில் அந்தக் கற்களிடம் கிடையாது. அது மண்ணிடம்தான் இருந்தது.

தெருவில் ஒரு பள்ளம்

மண் எப்படிப் பேசும்? கீழடி மாதிரி அகழாய்வு நடக்கும் ஊருக்குப் போகாமலே அந்தப் பாடத்தைப் படிக்கலாம். மெட்ரோ வாட்டருக்கோ கேபிளுக்கோ உங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால் முணுமுணுத்துக்கொண்டே தாண்டிப் போகாமல், ஒரு நிமிடம் பள்ளத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். மேலே தார். அதன்கீழே ஜல்லி. அதன்கீழே இன்னொரு தார், முந்தைய சாலை. பிறகு செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்த ரப்பீஸ். ஓரிடத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு. வடசென்னையின் கடலோரப் பகுதியாக இருந்தால் அடியில் மணல் வந்துவிடும். இது ஒரு பாடப் புத்தகம். படிக்க மூன்று விதிகள் போதும்.

முதல் விதி, கீழே இருப்பது மேலே இருப்பதைவிடப் பழையது. இட்லிப் பானையில் அடித்தட்டை வைக்காமல் மேல்தட்டை வைக்க முடியாது, அதுபோல. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டீனோ பாறைகளுக்குச் சொன்ன இந்தச் சங்கதிதான் இன்றும் எல்லா அகழாய்வுக்கும் அடித்தளம்.

இரண்டாவது விதி முதல் விதியின் காலை வாருவது. அடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கும் குழி, அது வெட்டிய எல்லா அடுக்குகளையும்விடப் புதியது. போன வருடம் குழாய் பதிக்க ஐந்தடி தோண்டி மூடினார்கள் என்று வையுங்கள். அந்த மூடலோடு ஒரு பால் பாக்கெட் உறை உள்ளே போயிருக்கும். நாளை தோண்டுகிறவருக்கு அது 200 வருடத்துச் செங்கலுக்கும் கீழே கிடைக்கும். ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் குழியின் ஓரம் கண்ணில் படவேண்டும். வெட்டி மூடிய மண் நிறத்தில் கொஞ்சம் வேறாக இருக்கும், தொட்டால் பொலபொலவென்று இருக்கும். தொல்லியல்காரர்கள் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் கொத்துக்கரண்டியாலும் தூரிகையாலும் மணிக்கணக்கில் சுரண்டுவது இந்த நிற மாற்றத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மூன்றாவது விதி, ஓர் அடுக்கின் வயதை அதிலிருக்கும் மிகப் புதிய பொருளே சொல்லும். 1835ஆம் ஆண்டின் கம்பெனிக் காலணாவும் 1985 என்று அச்சடித்த ஒரு ரூபாயும் ஒரே அடுக்கில் கிடந்தால், அந்த அடுக்கு 1985க்கு முன் உருவாகியிருக்க முடியாது. காலணா யாரோ பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வழிதவறி வந்தது. செங்கலுக்கும் இதே கணக்கு. இடித்த வீட்டுச் செங்கலை நம் மேஸ்திரிகள் வீணாக்குவதில்லை. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கொத்தி உதிர்த்துவிட்டு மறுபடி கட்டுவார்கள். பழைய செங்கல் இருக்கிறது என்பதற்காகச் சுவரும் பழையது என்று சொல்லிவிட முடியாது.

மிஞ்சிய துண்டு

இந்தக் கண்ணோடு யானைக்கவுனியிலிருந்து வடகிழக்கே நடந்து பழைய ஜெயில் ரோடுக்கு வாருங்கள். பாரதி மகளிர் கல்லூரி இருக்கும் அதே சாலை. இங்கே மதிலின் ஒரு துண்டு இடிபடாமல் நிற்கிறது. அதன் தலைமேல் பூங்கா அமைத்ததால் ஊர்க்காரர்களுக்கு அது 'மாடிப் பூங்கா'. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்த கட்டுமானம், உட்புறம் வளைவு வைத்த அறைகள். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் உறைப்பது அதன் தடிமன்தான். பீரங்கிக் குண்டை வாங்கிக்கொள்ளக் கட்டிய சுவர் எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இனி ஒரு வரைபடத்தை விரித்து மூன்று இடங்களைக் குறியுங்கள். மதில் நிற்கும் பழைய ஜெயில் ரோடு வடக்கு எல்லை. மதிலின் பெயரைத் தாங்கும் வால்டாக்ஸ் சாலை மேற்கு எல்லை. வாசலின் பெயரைத் தாங்கும் யானைக்கவுனி அந்த மேற்கு எல்லையில் ஒரு புள்ளி. கூடவே பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் ஒரு தூணையும் குறித்துக்கொள்ளுங்கள். 1773 சனவரி 1 என்று பொறித்த எல்லைத் தூண் அது. அதற்குத் தெற்கே கோட்டைவரை யாரும் வீடு கட்டக் கூடாது, பீரங்கிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதற்காக நட்டது. புள்ளிகளை இணைத்தால், காணாமல்போன ஒரு நகரத்தின் விளிம்பு தாளில் எழுந்து வந்துவிடும். ஒரு பிடி மண்கூடத் தோண்டவில்லை. இதுவும் தொல்லியல்தான். தோண்டுவது அந்தத் துறையின் கடைசி வேலை. தோண்டிய இடத்தை மறுபடி தோண்ட முடியாது என்பதால், முதலில் கண்ணாலும் காலாலும் தாளாலும் ஆகிற வேலையை எல்லாம் முடித்துக்கொள்வார்கள்.

ஆற்றோடு மேலே போனால்

எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோடு மேற்கே போனால் 250 ஆண்டு மதிலெல்லாம் நேற்றைய சமாச்சாரம் ஆகிவிடும். பூண்டி ஏரியைத் தாண்டினால் அத்திரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டத்தின் சாதாரணக் கிராமம். மனித வரலாற்றைப் பற்றிய எந்தப் பெரிய புத்தகமும் இப்போது அதைச் சொல்லாமல் போக முடியாது.

கதை பல்லாவரத்தில் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அங்கே சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். ஆயிரம் பேர் மிதித்துப் போயிருக்கக்கூடிய கல். அது தானாக உடைந்த கல் அல்ல, கையால் செதுக்கிய கோடரி என்று அவருக்கு உறைத்தது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு அதுவே முதல் சாட்சி. சில மாதங்களில், செப்டம்பரில், அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அதே மாதிரிக் கற்களைக் கண்டார்கள்.

ஃபூட் செய்த பெரிய காரியம் கல்லைக் கண்டது மட்டும் இல்லை. எங்கே எடுத்தேன், எந்த மண்ணில் எடுத்தேன் என்று ஊர் ஊராக எழுதிவைத்தார். சீட்டு தொலையவில்லை. அவர் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவர் எழுதிய முகவரியை வைத்துக்கொண்டு, 136 ஆண்டு கழித்து, 1999இல் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வைத் தொடங்கினார்கள்.

கற்கருவிகளின் வயதை எப்படிக் கண்டார்கள்? கார்பன்-14 முறை இங்கே உதவாது. உயிரோடு இருந்த பொருளில்தான் அந்தக் கார்பன் இருக்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்து, சுமார் 50,000 ஆண்டுகளில் அளக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துவிடும். எனவே கல்லையே கேட்டார்கள். தரையில் கிடக்கும் கல்லின்மேல் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அவை கல்லிலுள்ள குவார்ட்ஸுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அரிய அணுக்களை உண்டாக்கும். கல் ஆழப் புதைந்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியம்-10 அதைவிட இரண்டு மடங்கு மெதுவாகக் கரையும். ஒரே நாளில் ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்திகளில் ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக எரிந்தால், மிச்சமிருக்கும் உயரங்களை ஒப்பிட்டு எப்போது ஏற்றியது என்று சொல்லலாம் அல்லவா? அந்தக் கணக்குதான். பூமியின் காந்தப்புலம் வடக்கு தெற்காகப் புரண்டு கிடந்த காலத்தின் தடம் அந்த மண்ணடுக்குகளில் பதிந்திருந்தது. அதுவும் துணைச் சாட்சி சொன்னது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான சராசரி விடை, சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

மேலே இருந்த இளைய அடுக்குகளுக்கு வேறு கடிகாரம். மணல் துகளை ஒரு பேட்டரியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் சார்ஜ் முழுக்க இறங்கிவிடும். மண்ணுக்குள் இருட்டில் புதைந்ததும், சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிரியக்கத்தால் துளித் துளியாக ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தால் எத்தனை காலம் இருட்டில் கிடந்தது என்று தெரியும். அதனால் இந்த மண்ணை ஒளி புகாத குழாயில் எடுத்து, சோதனைச் சாலையில் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில்தான் திறப்பார்கள். இப்படி அளந்து 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவின்படி, பெரிய கோடரிகளை விட்டுவிட்டுச் சிறிய, நுணுக்கமான கருவிகளுக்கு மாறும் போக்கு அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர்கள் வெகு பிற்காலத்தில் கொண்டுவந்த உத்தி என்று கருதப்பட்டது அது. செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. கைகள் போய்விட்டன, கைவேலை மட்டும் இருக்கிறது.

அலமாரிக்குள் ஒரு ஓடு

சீட்டு எப்படிக் கதவு திறக்கும் என்பதற்கு இன்னொரு கதையும் இதே சென்னையில் உண்டு. 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் ஒரு பானைத் துண்டைப் பார்த்தார். ஐரோப்பாவில் அகழாய்வு செய்து பழகிய அவருக்கு அது உடனே அடையாளம் தெரிந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் ஏற்றி அனுப்பிய கூர்ஜாடியின் துண்டு. இங்கே எப்படி? எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருந்தது: புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. அருங்காட்சியகத்தின் அய்யப்பன் 1941இலேயே அங்கே சோதனை அகழாய்வு செய்திருந்தார்.

1945இல் வீலர் அங்கே போனார். நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே மண் திட்டை வெட்டாமல் விட்டுத் தோண்டினார். அடுக்குகளின் வரிசை கண்ணெதிரே நிற்க வேண்டும் என்பதற்காக. இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்தார்கள் என்று ஏற்கெனவே தெரிந்திருந்த சிவப்பு மட்பாண்டங்கள் அங்கே கிடைத்தன. அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் ஒரு தேதி கிடைத்தது. அதுவரை தென்னிந்தியப் பானை ஓடுகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு இல்லாமல் இருந்தது. அந்த அலமாரித் துண்டின் சீட்டில் ஊர் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தால், அது இன்றும் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

கீழடியைப் பற்றிப் பேசும்போது கி.மு. 580 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறோம். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு எண், 353. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த வயது வந்த மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது. 2025இல், கீழடியில் அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பிச் சர்ச்சை ஆனபோது, டிவி விவாதங்களில் அரசியல்தான் சத்தமாகக் கேட்டது. துறையின் கடிதத்திலும் அவரது பதிலிலும் அலசப்பட்டவற்றில் முக்கியமானவை ஆழமும் மண்ணடுக்கும். யார் பக்கம் நின்று பார்த்தாலும் கேள்வி ஒன்றே: பைக்குள் இருப்பதற்குச் சீட்டு சரியாக இருக்கிறதா?

மூடுவதற்குள்

கீழடியில் மக்களைக் கவர்ந்தவற்றில் உறைகிணறும் ஒன்று. சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணறு. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மணலில் கிணறு தோண்டுகிறவர்கள், பக்கம் சரியாமல் இருக்க இன்றும் உறை இறக்குகிறார்கள். மண் போய் சிமெண்ட் வந்திருக்கிறது, சொல்லும் உத்தியும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் இறைக்கப் போன குடம் உடைந்து உள்ளே விழும், குழந்தையின் வளையல் விழும், தூர்ந்த பிறகு தெருக் குப்பை விழும். விழுந்த வரிசையிலேயே அடைந்து கிடக்கும். அதனால்தான் பழங்கிணறு என்றால் தொல்லியல்காரர்களுக்கு அத்தனை பிரியம்.

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது அப்படிப் பழம்பொருள் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால்? கழுவாதீர்கள், கிடந்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். பள்ளத்தின் பக்கச் சுவரையும் சேர்த்து எடுங்கள். எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டம் விலையைப் பார்த்து எழுதியது. தொல்லியலுக்கு விலை போகாத ஓடும் வேண்டும், அது கிடந்த நிலையும் வேண்டும்.

யானைக்கவுனி என்ற பெயரும் ஒரு சீட்டுதான். இங்கே ஒரு வாசல் இருந்தது என்று எழுதி ஊரின் மேல் ஒட்டிய சீட்டு. பை எப்போதோ கிழிந்துபோனது. ஆனால் மதிலை இடித்தவர்கள் பெரும்பாலும் தரைக்கு மேலே இருப்பதைத்தான் இடிப்பார்கள். அஸ்திவாரத்தைத் தோண்டி எடுக்கும் கூலியை யார் கொடுப்பார்? வால்டாக்ஸ் சாலைப் பக்கம் அடுத்த முறை பள்ளம் தோண்டியிருந்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சுண்ணாம்பில் கட்டிய செங்கல் வரிசை, வீட்டுச் சுவருக்குப் பொருந்தாத தடிமனில், சாலையை ஒட்டியே நீண்டு போகிறதா? போனால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் மூடிவிடுவார்கள்.